சிச்சுவேஷனல் லீடர்ஷிப்னா "சூழ்நிலைத் தலைமை"யா?

மேனேஜர் ட்ரெய்னிங்னு ஒண்ணு போனா இந்த வார்த்தை காதுல விழாம வெளிய வர முடியாது. தமிழ்ல சூழ்நிலைத் தலைமைன்னு போடுறாங்க, தலைமைத்துவம்னு எழுதறவங்களும் உண்டு (தலைமைலயே ஒரு "மை" இருக்கு, அதுக்கு மேல "துவம்" எதுக்குன்னு தெரியல). சிச்சுவேஷனுக்கு வேர் லத்தீன் "சிட்டுஸ்", இடம்னு அர்த்தம், அதனால சூழ்நிலைன்னு சொல்றது தப்பில்ல. ஆனா அத கேட்டதும் புயல் வந்தா, மார்க்கெட் விழுந்தா தலைவர் என்ன பண்ணுவார்னு தான தோணுது? இங்க சூழ்நிலைன்னா முக்கியமா எதிர்ல நிக்கற ஆளு, அந்த ஒரு குறிப்பிட்ட வேலை அவருக்கு தெரியுமா, செய்ய மனசும் தைரியமும் இருக்கா, அதான்.

1969ல பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் இத கொண்டு வந்தப்ப பேரே வேற, "லைஃப் சைக்கிள் தியரி". புள்ள வளர வளர பெத்தவங்க பிடிய தளத்துறாங்கல்ல, அந்த யோசனை தான். இப்படி இப்படி செய்யின்னு சொல்றது, ஏன்னு புரிய வெச்சு செய்ய வைக்கிறது, கூட உக்காந்து பேசி முடிவெடுக்கறது, ஒப்படைச்சுட்டு ஒதுங்கறதுன்னு தலைவர் நடந்துக்க நாலு விதம், எத எடுக்கறதுன்னு ஆளோட நிலைய வெச்சு தான் முடிவு. ஆளோட நிலைய மொதல்ல "மெச்சூரிட்டி"ன்னாங்க, அப்புறம் "ரெடினஸ்"னு மாத்திட்டாங்க. நாப்பது வயசு ஆளப் பாத்து மெச்சூரிட்டி கம்மின்னா யாருக்கு புடிக்கும்? 1987ல வெக்கியோங்கற ஆராய்ச்சியாளர் பள்ளிக்கூட வாத்தியார்கள வெச்சு சோதிச்சப்ப, புதுசா சேந்தவங்க கிட்ட தான் இது நல்லா பொருந்துச்சு, அதனால வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம்.

நான் இத கத்துக்கிட்டது க்ளாஸ்ல இல்ல. எங்க ஆபீஸ் அக்கவுண்டன்ட் அண்ணன் இருபது வருஷ ஆளு, வாட் (ஜிஎஸ்டிக்கு முன்னாடி இருந்த விற்பனை வரி) கணக்குல புலி. 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்துச்சு, நானும் "நீங்க பாத்துக்குவீங்கண்ணே"ன்னு விட்டுட்டேன். மொத 3பி ரிட்டர்ன்ல (ஜிஎஸ்டி கணக்கு காட்டற படிவம்) ஐஜிஎஸ்டி கிரெடிட், அதாவது வெளி மாநிலத்துல வாங்கின சரக்குக்கு கட்டி, கழிச்சுக்க வேண்டிய வரி, மொத்தமும் மத்திய அரசு பங்கான சிஜிஎஸ்டி கட்டத்துல உக்காந்திருக்கு, அப்பல்லாம் சப்மிட் குடுத்துட்டா திருத்தவும் முடியாது. ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தவர், "புரியலப்பா, கேக்க கூச்சமா இருந்துச்சு"ன்னார். வாட்ல கை தேர்ந்தவர் ஜிஎஸ்டில ஒண்ணாங்கிளாஸ், நான் தான் ரெண்டுலயும் அவர் ஒரே மாதிரி இருப்பார்னு நெனச்சுட்டேன்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? ரெடினஸுக்கு "தயார்நிலை"ன்னா தீயணைப்பு வண்டி ஞாபகம் வருது. "பக்குவம்" அருமையான சொல்லு, ஆனா வடமொழி "பக்வ", பழுத்தது வெந்ததுன்னு அர்த்தம். மெச்சூரிட்டியோட லத்தீன் வேரும் பழுத்ததுங்கறது தான், சுத்தி அங்கயே வந்து நிக்குது. எனக்கு புடிச்சது "பதம்". அதிரசத்துக்கு பாகு காய்ச்சறப்ப அம்மா ஒரு சொட்டு எடுத்து தண்ணில விட்டு விரலால உருட்டிப் பாப்பாங்க, கரைஞ்சா இன்னும் கொஞ்சம் தீ, உருண்டு நின்னா இறக்கிடுவாங்க, கடிகாரத்த பாத்ததே இல்ல. அதே பாகு கடலை உருண்டைக்குன்னா பதம் வேற, ஆளுக்கும் அப்படித்தான், வேலைக்கு வேலை மாறும். அதனால என் ஓட்டு "பதமறி தலைமை"க்கு. எம்பிஏ பரீட்சை எழுதறவங்க மட்டும் சூழ்நிலைத் தலைமைன்னே எழுதிடுங்க, மார்க் அதுக்குத்தான் கெடைக்கும்.