குறியேற்றம்: எழுத்து ‘உடைந்து’ வருவது ஏன்?

ராமேஸ்வரத்திலோ கீழக்கரையிலோ ஒரு டைப்பிங் சென்டரில் கோப்பைத் திறந்ததும் தமிழ் உடைந்து வந்தால், “ஃபான்ட் இல்லண்ணே, ஃபான்ட் போடணும்” என்பார்கள். பாதி நேரம் கோளாறு ஃபான்ட்டில் இருக்காது, என்கோடிங்கில், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கணினி சேமிக்கும் முறையில் இருக்கும்.

என்கோடிங்கில் உள்ள ‘கோட்’ லத்தீன் ‘கோடெக்ஸ்’ வழி வந்தது. முதலில் மரத்தண்டு, பிறகு பலகை ஏடு, அப்புறம் சட்டத் தொகுப்பு; சங்கேதம் என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. தமிழில் குறியாக்கம், குறிமுறை, குறியேற்றம் என மூன்றும் புழங்குகின்றன. குறியாக்கத்தை என்கிரிப்ஷனுக்கும் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைப்பது) எழுதிவிடுவதால் நான் குறியேற்றத்தின் பக்கம். பாம்பன்காரர்களுக்கு இது எளிதில் பிடிபடும். துறைமுகத்தில் புயல் கூண்டு ‘ஏற்றுகிறார்கள்’. 10 என்றால் பெரும் அபாயம். அப்படியானால் 11 அதைவிடப் பெரிய புயலா? இல்லை, வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அட்டவணை தெரியாதவன் எண்ணைப் பார்த்துத் தப்பாகத்தான் படிப்பான்.

கணினி சேமிப்பதும் எண்ணைத்தான். ஒருங்குறியில் (யூனிகோட், உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொது அட்டவணை) ‘பாம்பன்’ ஏழு குறிகள்: ப, துணைக்கால், ம, புள்ளி, ப, ன, புள்ளி. அந்த எண்களைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8 ஒவ்வொன்றையும் மூன்று பைட்டாக (பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண்) எழுதும், ஆக 21. ஒவ்வொரு மூன்றிலும் முதல் பைட் 224, அடுத்தது 174 அல்லது 175. கோப்பைத் திறக்கும் எடிட்டர் மென்பொருள் இதை மேற்கு ஐரோப்பியக் குறியேற்றம் என்று எடுத்துக்கொண்டால், 224 தலையில் சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’வாகவும் 174 வட்டத்துக்குள் ‘ஆர்’ ஆகவும் தெரியும். இந்த ஜோடி வரிக்கு வரி வந்தால் கோப்பு நன்றாகவே இருக்கிறது. எடிட்டர் நோட்பேட்++ என்றால் என்கோடிங் மெனுவில் யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். ‘கன்வர்ட்’ என்று தொடங்குவதை மட்டும் தொடாதீர்கள். அது பைட்டுகளையே மாற்றிவிடும்.

பாமினி என்ற ஒருங்குறி அல்லாத தமிழ் ஃபான்ட்டில் அடித்த பழைய கோப்பு வேறு ரகம். அங்கே ‘பாம்பன்’ உள்ளே ஜி, ஹெச், கே, அரைப்புள்ளி, ஜி, டி, அரைப்புள்ளி என்று ஆங்கிலமாகவே கிடக்கும். பாமினி அதற்குத் தமிழ் முகம் மாட்டிக் காட்டும். இதற்கு ஃபான்ட் போட்டால் சரியாகும். எல்லாவற்றுக்கும் ஃபான்ட்டைக் குறை சொல்லும் பழக்கம் இங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஒருங்குறி மாற்றியில் போட்டு எடுத்துவிட்டால் பிறகு தொல்லையில்லை.

ஃபான்ட்டுக்கு எழுத்துரு என்ற சொல் நிலைத்துவிட்டது. மூலச்சொல் பிரெஞ்சில் உருக்கி வார்ப்பதைக் குறிக்கும். ஈய அச்சுக் காலத்துச் சொல். எழுத்துரு இல்லாத கோளாறு கட்டம் கட்டமாகத் தெரியும். லதா, நிர்மலா எதையாவது தேர்ந்தால் தீர்ந்தது.

வெறும் கேள்விக்குறிகள் வரிசை கட்டினால் மட்டும் சிக்கல். தமிழ்க் கோப்பை யாரோ ‘ஆன்சி’ என்று, தமிழுக்கு இடமில்லாத பழைய குறியேற்றத்தில் சேமித்திருப்பார்கள். எழுத்துக்குரிய எண்ணே போய் அங்கே கேள்விக்குறியின் எண் உட்கார்ந்திருக்கும். எந்தக் குறியேற்றத்தில் திறந்தாலும் திரும்பாது; பழைய பிரதி யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.