பெயரைக் கொடுத்தால் புலம் கிடைப்பது எப்படி?

“எந்தப் புலம் தேவை என்பது நிரலை எழுதும்போது தெரியாது, அது இயங்கும்போதுதான் பெயர் ஒரு சரமாக வந்து சேரும் என்றால், ஆப்ஜெக்டிலிருந்து அந்தப் புலத்தை எடுப்பது எப்படி?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். (ஆப்ஜெக்ட் என்பது தொடர்புள்ள தரவுகளின் தொகுப்பு; அதில் பெயரிட்டு வைத்த ஒவ்வொரு தரவும் ஒரு புலம்; சரம் என்பது எழுத்துகளின் தொடர்.) பைத்தானில் இதற்குக் கெட்ஆட்டர் என்ற செயற்கூறு, ஜாவாஸ்கிரிப்டில் சதுர அடைப்புக்குறி, ஜாவாவில் 1997இல் 1.1 பதிப்புடன் வந்த, இயங்கும் நிரல் தன் அமைப்பையே ஆராய உதவும் ரிஃப்ளெக்‌ஷன் என வழிகள் உண்டு. எழுத வேண்டியது ஒன்றிரண்டு வரிதான். அவ்வரிகளின் அடியில் நடப்பதே சுவையானது.

நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் சி++ கம்பைலர், புலப்பெயர்களை ஆப்ஜெக்டின் தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவுகளாக மாற்றிவிடுகிறது. நான்கு பைட் முழு எண்கள் மூன்றை மட்டும் கொண்ட ஸ்ட்ரக்ட் என்ற தரவுத் தொகுப்பில் அவை தொடக்கத்திலிருந்து 0, 4, 8 என்ற இடங்களில் அமரும்; அதன் பின் ‘வயது’ என்ற பெயர் இயந்திரக் கட்டளைகளில் இராது. பெயரால் தேட வேண்டுமானால் பெயர்ப்பட்டியலை எங்கேனும் காத்து வைக்க வேண்டும். ஜாவா அதை, கம்பைலர் உருவாக்கும் கிளாஸ் கோப்பிலேயே வைக்கிறது. பைத்தான், பொதுவாக, ஆப்ஜெக்டுடன், பெயரைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் ஓர் அகராதியை இணைக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அகராதியைப் புரட்டுவது, தொலைவைக் கூட்டி நேரே படிப்பதைவிட மெதுவானது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது. ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் வி8, ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் மறைவாக ஒரு வடிவத்தை, அதாவது எந்தப் புலம் எந்த இடத்தில் என்ற அமைப்பை, வகுக்கிறது. வெற்று ஆப்ஜெக்டில் ‘பெயர்’ சேர்ந்தால் ஒரு வடிவம், அடுத்து ‘வயது’ சேர்ந்தால் இன்னொரு வடிவம். இதே வரிசையில் வளரும் ஆயிரம் ஆப்ஜெக்டுகளும் ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, வரிசை மாறினாலோ வடிவமும் வேறாகிவிடுகிறது. முதல் முறை தேடும்போது, “இந்த வடிவம், இந்தப் பெயர் என்றால் இரண்டாம் இடம்” என்ற குறிப்பு, புலத்தைக் கேட்ட அந்த வரிக்கே உரியதாகச் சேமிக்கப்படுகிறது. அடுத்த முறை வடிவமும் பெயரும் அவையேதானா என்று மட்டும் பார்த்துவிட்டு, வி8 நேரே அவ்விடத்தைப் படித்துவிடுகிறது. புலப்பெயர்ச் சரங்கள் நினைவகத்தில் ஒரே ஒரு நகலாகவே வைக்கப்படுவதால், பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடாமல் முகவரியை ஒப்பிட்டாலே போதும். பெயரும் வடிவமும் ஓயாமல் மாறும் வரிகளில் மட்டும் இந்த ஆதாயம் குறைந்துவிடும்.

இந்த வடிவப் பகிர்வின் வேர், டேவிட் உங்கரும் ராண்டல் ஸ்மித்தும் 1987இல் அறிமுகப்படுத்திய செல்ஃப் என்ற ஆய்வு மொழியில் இருக்கிறது. அம்மொழி பரவலான புழக்கத்துக்கு வரவே இல்லை. ஆயினும் அதில் பணியாற்றிய லார்ஸ் பாக் பின்னர் வி8ஐ உருவாக்க, 2008 முதல் அவ்வெண்ணம் குரோம் உலாவிக்குள் இயங்கிவருகிறது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு நிதியை மறுத்திருந்தால் இது முளைத்தே இராது என்பதால், அடிப்படை ஆய்வுக்குத் தாராளமாகச் செலவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: பெயர் வெளியாரிடமிருந்து வருமானால் அதை அப்படியே புலத்தேடலுக்குக் கொடுக்காதீர்கள். கடவுச்சொல்லைத் தாங்கும் புலத்தின் பெயரையும் ஒருவர் அனுப்பக்கூடும்; ஆகவே அனுமதிக்கும் பெயர்களை முன்கூட்டியே பட்டியலிட்டு, அதில் உள்ளவற்றை மட்டும் தேடுங்கள்.