மயங்கி விழுவது ‘நினைவிழப்பு’ அல்ல

தண்டையார்பேட்டையில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் என் தங்கைக்குக் கொடுத்த துண்டறிக்கையின் தலைப்பு: ‘கர்ப்பகால நினைவிழப்பு நோய் மேலாண்மை’. அதைப் படித்த அவள் மாமியார் என் அம்மாவிடம், “ஏன் சம்பந்தி, பெண்ணுக்கு ஞாபகமறதி வியாதி இருப்பதை முன்பே சொல்லவில்லை?” என்று கேட்டுவிட்டார். நெடுநேரம் நின்றால் பள்ளி நாளிலிருந்தே மயங்கி விழும் உடம்பு அவளுக்கு. மறதிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

துண்டறிக்கையில் ‘நினைவிழப்பு’ ஆகியிருக்கும் ஆங்கில மருத்துவச் சொல் சின்கோபி (syncope). ‘வெட்டு’ என்னும் பொருள்கொண்ட கிரேக்க வேரிலிருந்து வந்தது. ஓந்தி ‘ஓதி’ ஆவதுபோல் சொல்லின் நடுவில் எழுத்துக் குறையும் இடைக்குறையையும் மேலை இலக்கணத்தில் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். மூளைக்குப் போகும் இரத்தம் சற்றுக் குறைய, உணர்வு நடுவில் அறுந்து, தானே திரும்புகிறது. திரும்பி வருவதை ‘இழப்பு’ என்று எப்படிச் சொல்வது? ‘நினைவிழந்து கிடந்தார்’ என்று வினையாகச் சொன்னால் யாருக்கும் புரியும். அதையே பெயராக்கி ‘நோய்’ என்றும் ஒட்டினால், படிப்பவர் மனம் மறதிக்குத்தான் போகும். அகராதியில் சொல்லுக்குச் சொல் தேடிப் பொருத்துகிறவர்கள், அதை ஒரு கர்ப்பிணி படிக்கப்போகிறாள் என்பதை நினைப்பதே இல்லை. ‘மேலாண்மை’யும் அப்படி வந்ததுதான். ‘சமாளிப்பது எப்படி’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

வேறு என்ன சொல்லலாம்? மூர்ச்சை வடசொல், இன்று பேச்சில் அரிது. வெறும் ‘மயக்கம்’ போதாது. மயங்குதல் என்றால் கலத்தல். தொல்காப்பியத்தில் மெய்ம்மயக்கம் எழுத்துகள் கூடி நிற்பது. இன்றோ தலைசுற்றலும் மயக்கம்தான், மசக்கைச் சோர்வும் மயக்கம்தான். மருத்துவருக்கு வேண்டியது ‘தலை சுற்றியதா, விழுந்தாயா’ என்ற வேறுபாடு. அதைத் தெளிவாகச் சொல்வது ‘மயங்கி விழுதல்’. நல்ல தமிழ், எல்லார் வாயிலும் இருக்கிறது.

வளைகாப்புப் புடவை எடுக்க எம்.சி. ரோட்டுக்குப் போனபோது, “அம்மா, மயங்கி விழப்போகிறேன்” என்றாள் தங்கை. அடுத்த நொடியே கடைப்பெண் புடவைக் கட்டுகளைத் தள்ளி இடம் செய்தார். இடப்பக்கமாகப் படுக்கவைத்தோம். மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்தும். கர்ப்பத்தில் இரத்தக்குழாய்கள் தளர்ந்து அழுத்தம் முன்பே குறைந்திருக்கும். அதனால்தான் தண்ணீர் நிறையக் குடி, சட்டென்று எழாதே, நிற்க நேர்ந்தால் கால்களைப் பின்னி இறுக்கு என்கிறார்கள்.

மார்வலியோ படபடப்போ உதிரப்போக்கோ சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதும் அந்தத் துண்டறிக்கையின் கடைசி வரியில் இருந்தது. ‘நினைவிழப்பு ஏற்படின்’ என்று தொடங்கியிருந்ததால், மாமியார் அதைப் படிக்காமலே மடித்து வைத்துவிட்டார்.