அடி தொடாத நங்கூரம்

சித்தப்பா மகனுக்குப் பெண் எடுத்தது சதுரங்கப்பட்டினத்தில். வேலூர்க்காரர்களான எங்களுக்குப் பாலாறு என்றால் பெரும்பாலும் மணல்தான். அதே பாலாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்து ஊர் அது. மாமனார் வீட்டுப் பழக்கத்தில் கடல் பிடித்துப்போய், 18 அடி ஃபைபர் படகு ஒன்றை அவுட்போர்டு எஞ்சினோடு வாங்கிவிட்டான். ஐப்பசியில் ஒருநாள் கரையிலிருந்து வெகுதூரத்தில் எஞ்சின் நின்றுபோனது.

“ண்ணா, எஞ்சின் நின்னதும் படகு தானா திரும்பி அலைக்குக் குறுக்கால நின்னுடுச்சு. நங்கூரம் போட்டேன், அடி தொடவே இல்ல” என்றான். வேறொரு படகு வந்து கட்டி இழுத்து வந்திருக்கிறது. அப்புறம்தான் கேட்டான்: கடல் நங்கூரம் என்கிறார்களே, அதில் எதை வாங்குவது?

படகு ஏன் குறுக்கே திரும்பியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்த மாதிரிப் படகில் எஞ்சினின் கனம் முழுக்கப் பின்னால். முன்பக்கம், அதாவது மீனவர்கள் சொல்லும் அணியம், லேசாக, உயரத் தூக்கி நிற்கும். தண்ணீரில் பின்பக்கம் பிடித்துக்கொள்ள, காற்று அணியத்தைத் தள்ளிவிடுகிறது. குறுக்கே நிற்கும் படகின் மேல், அதன் அகலம் அளவுக்கு உயரமான ஓர் அலை உடைந்து விழுந்தால் கவிழ்க்க அதுவே போதும். அணியம் அலையைப் பார்த்து நின்றால் அதே அலையில் படகு ஏறி இறங்கிவிடும். கடல் நங்கூரத்தின் முதல் வேலை படகை நிறுத்துவது அல்ல, முகத்தைத் திருப்பி வைப்பது.

சாதாரண நங்கூரம் தரையைப் பிடிக்கும். அதற்கு ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். 40 மீட்டர் ஆழத்துக்கு 200 மீட்டருக்குக் குறையாது. சின்னப் படகில் அவ்வளவு கயிறு யாரும் வைத்திருப்பதில்லை. கடல் நங்கூரம் தரையைத் தேடுவதில்லை, தண்ணீரையே பிடிக்கிறது. துணியால் தைத்த கூம்பு, அல்லது பாராசூட். அணியத்திலிருந்து நீளக் கயிற்றில் விட்டால் நீருக்கடியில் விரிந்து நிற்கும். காற்று படகைத் தள்ளும், துணி போகவிடாமல் இழுக்கும், இரண்டுக்கும் நடுவே அணியம் காற்றின் பக்கம் திரும்பிவிடும். வலையை விட்டுவிட்டு அதன் கயிற்றிலேயே படகு மிதக்கும்போது நடப்பதும் இதுதான்.

துணி எவ்வளவு இழுக்கும்? இதைக் கணக்கில் மட்டும் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர் ஏரி கோடி போன சமயத்தில் பழைய கைலி ஒன்றை எடுத்தேன். மூட்டிய கைலியின் சுற்றளவு இரண்டு மீட்டர், பழைய சைக்கிள் ரிம் அதன் வாய்க்கு அளவாகப் பொருந்தியது. மறுமுனையைச் சுருக்கிக் கட்டினேன். சுமார் 60 சென்டிமீட்டர் வாயுள்ள கூம்பு தயார். கயிற்றில் தொங்கு தராசை மாட்டி, தம்பி பிள்ளைகள் கரையோரமாக இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மெல்ல நடந்தபோது முள் நான்கு கிலோவைச் சுற்றி நின்றது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் எட்டு வரும் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். பதினைந்தைத் தொட்டது. வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. இன்னொன்றும் பார்த்தோம்: சுருக்கிய முனையை முழுக்க அடைத்திருந்தபோது கைலி இடமும் வலமும் அலைந்தது. ஒரு முஷ்டி அளவு ஓட்டை விட்டதும் நேராக வந்தது. விற்கிற கூம்புகளின் நுனியில் ஓட்டை வைப்பது இதற்காகத்தான்.

இனி தம்பியின் படகுக்கு வருவோம். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று, அதை எதிர்கொள்ளும் பரப்பு மூன்று சதுர மீட்டர் என்று வைத்தால், காற்று தள்ளும் விசை ஏறக்குறைய 73 கிலோ எடைக்குச் சமம். அதை அந்தக் கைலிக் கூம்பு மட்டுமே தாங்க வேண்டுமானால் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் இழுபட வேண்டும். அதாவது அது இருந்தும் இல்லாத மாதிரி. இரண்டு மீட்டர் விட்டமுள்ள பாராசூட் அதே விசையை மணிக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் நகர்விலேயே தாங்கிவிடும். கடல்நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது என்பதால்தான் இவ்வளவு சின்னத் துணிக்கு இவ்வளவு வலு. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகிவிடும் என்பதை மறந்து, மலிவாகக் கிடைக்கிறதென்று சின்னக் கூம்பை வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. படகு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பாராசூட்டின் விட்டம் இருக்கட்டும். 18 அடிக்கு ஆறு அடி. ரொம்பப் பெரிதாகவும் போகக் கூடாது. கயிறு கட்டும் கொண்டி பிய்ந்துகொள்ளும், திரும்ப இழுத்தெடுக்கவும் முடியாது.

துணியைவிடக் கயிற்றைப் பற்றித்தான் நான் அவனிடம் அதிகம் பேசினேன். அலையில் தண்ணீர் வட்டமடிக்கிறது. முகட்டில் அலை போகும் பக்கம் போகும், பள்ளத்தில் எதிர்ப்பக்கம் வரும். படகு முகட்டிலும் பாராசூட் பள்ளத்திலும் இருந்தால் இரண்டும் எதிரெதிரே இழுபட்டு, கயிறு விண்ணென்று தெறிக்கும். அடுத்த நொடிகளில் தொய்ந்துவிடும், படகு மறுபடி குறுக்கே திரும்பப் பார்க்கும். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டுமானால் நடுவில் முழு அலைநீளம் இருக்க வேண்டும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் எத்தனை நொடி என்று எண்ணி, அதை அதனாலேயே பெருக்கி, இன்னும் ஒன்றரையால் பெருக்கினால் ஆழ்கடல் அலையின் நீளம் மீட்டரில் ஏறக்குறைய வந்துவிடும். ஆறு நொடிக்கு 55 மீட்டர், எட்டு நொடிக்கு நூறை நெருங்கும். அதனால் 100 மீட்டர் கயிறு, அன்றைய அலைக்கேற்ப விட்டுக்கொள்ளலாம்.

கயிறு நைலானாக இருக்க வேண்டும். நன்றாக நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், தண்ணீரில் மூழ்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும், எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். பாராசூட்டின் தலையில் கட்டும் மெல்லிய மீட்புக் கயிற்றுக்கு அது சரி. அந்தக் கயிற்றின் நுனியில் ஒரு மிதவை. எடுக்கும்போது மிதவையைப் பிடித்து இழுத்தால் பாராசூட் தலைகீழாகி, சுருங்கி, எளிதாக வந்துவிடும். பாராசூட்டுக்கும் பெரிய கயிற்றுக்கும் நடுவில் ஒரு சுழல் கொக்கி, முறுக்கு ஏறாமலிருக்க. படகு விளிம்பில் கயிறு உராயும் இடத்தில் தோல் சுற்ற வேண்டும். ஆம்பூரில் வெட்டுத் தோல் எடைபோட்டு வாங்கி, நானே தைத்து அனுப்பினேன்.

மாசியில் கடல் அடங்கிய ஒரு காலை இருவரும் போட்டுப் பார்த்தோம். கயிற்றை வட்டமாகச் சுருட்டி வைத்திருந்தான், பாதியில் சிக்கு விழுந்து கை கிழிந்தது. பின்னால் நின்று வீசப் போனவனை அணியத்துக்கு வரச் சொன்னேன். தாழ்ந்த பின்பக்கத்தில் இழுவை விழுந்தால் அலை நேரே உள்ளே ஏறிவிடும். இரண்டாம் தடவை பாராசூட் விரிந்ததும் அணியம் மெதுவாகக் காற்றின் பக்கம் திரும்பி நின்றது. இப்போது கயிற்றைக் காய்கறிக் கூடையில் கீழிருந்து மேலாக மடித்து மடித்துப் போட்டு, அதன்மேல் பாராசூட் பையை வைத்திருக்கிறான்.