பேட்டரியிலிருந்து ஒரு முழம்

திண்டுக்கல்லில் கார் ஆடியோ கடை வைத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. புதிதாகக் கடை போட நினைக்கும் தம்பிகள் என்னிடம் வந்து கேட்பது, எந்த ஸ்பீக்கரில் லாபம் அதிகம் என்பதைத்தான். ஸ்பீக்கரை இன்று யாரும் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். அந்த விலைக்கு நம்மால் கொடுக்க முடியாது. கடைக்குச் சோறு போடுவது வயரிங். கார்ப்பெட்டுக்கு அடியில் யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கும் அந்த வேலை ஒழுங்காக இருந்தால், வாடிக்கையாளர் அடுத்து வாங்கும் வண்டியும் நம் கடைக்குத்தான் வரும். ஒழுங்காக இல்லையென்றால் வண்டி எரியும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரு ஆடி மாதம், புது வண்டிகள் வராமல் கடை காலியாக இருந்த நாள். சின்ன கார் ஒன்று வந்து நின்றது. "பாட்டு அப்பப்போ நின்னுடுதுண்ணே, கருகுற வாடை வேற வருது" என்றார் ஓட்டிவந்தவர். பின் சீட்டில் அவருடைய மகள். வேறோர் இடத்தில், சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையரும் (சுருக்கமாக ஆம்ப்) தடித்த ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கரும் மாட்டியிருந்தார்கள். பானட்டைத் திறந்தேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கிளம்பிய சிவப்பு வயர், எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டில் துளை போட்டு உள்ளே இறங்கியிருந்தது. துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையம், அதாவது குரோமெட், இல்லை. வண்டி குலுங்கக் குலுங்கத் தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்து, செம்பு வெளியே தெரிந்தது. பேட்டரி பக்கம் ஃபியூஸே இல்லை. முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன், பிறகுதான் அவரிடம் பேசினேன்.

"ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கே?" என்று எல்லோரும் கேட்பார்கள். அது ஆம்புக்குக் காவல். பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஓடும் நாலைந்து மீட்டர் வயருக்கு அது காவல் இல்லை. நடுவில் எங்கே அது தகட்டைத் தொட்டாலும் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அதனால்தான் பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் ஃபியூஸ் போடச் சொல்கிறார்கள். நம் கணக்கில் ஒரு முழம். வயர் எவ்வளவு கரண்ட் தாங்குமோ, ஃபியூஸின் ஆம்பியர் அளவு அதைத் தாண்டவும் கூடாது.

வீட்டு வயரிங் தெரிந்தவர்கள்கூட இங்கே தவறிவிடுகிறார்கள். 500 வாட்ஸ் மிக்ஸி 230 வோல்ட்டில் இரண்டு ஆம்பியருக்குச் சற்று மேல்தான் இழுக்கும். அதே 500 வாட்ஸுக்கு 12 வோல்ட் பேட்டரி 42 ஆம்பியர் தர வேண்டும். ஆம்பில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் 50-ஐத் தாண்டும். அதற்கேற்ற தடிமனில் செம்பு வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல வயர்கள் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. மின்தடை செம்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. தோலை மட்டும் தடியாக வைத்து ஏமாற்றுவதும் உண்டு. இழை ஒன்றைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நான் வாடிக்கையாளர் முன்பாகவே சுரண்டிக் காட்டுவேன். விலை வித்தியாசத்தை அதற்குப் பிறகு விளக்க வேண்டியிருக்காது.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்ஸை, அதாவது கண நேர உச்சக் கணக்கை, நம்பி ஆம்ப் வாங்காதீர்கள். தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸான ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று பாருங்கள்.

அடுத்தது, கம்பெனி வயரை வெட்டுவது. கம்பெனி வயரின் முனையில் அப்படியே பொருந்தும் கப்ளர் அநேகமாக எல்லா மாடலுக்கும் கிடைக்கிறது. அதைச் செருகினால் வேலை முடிந்தது. கப்ளர் வாங்க ஆள் அனுப்ப அரை மணி நேரம் ஆகும் என்று வெட்டி முறுக்கி டேப் சுற்றினால், நம் வெயிலில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும். வாரன்ட்டி கேட்டுப் போகும்போது சர்வீஸ் சென்டரில் அந்த வெட்டைத்தான் முதலில் காட்டுவார்கள். மெல்லிய ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் வயரை முன் கண்ணாடியோரத் தூணில் ஏற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். பல வண்டிகளில், மோதும்போது திரைபோல் பக்கவாட்டில் விரியும் கர்ட்டன் ஏர்பேக் அங்கேதான் மடிந்திருக்கிறது. அதன் குறுக்கே வயர் போகக் கூடாது. ஏர்பேக் கப்ளர் பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும், அதன் பக்கம், கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப்பை நீட்டவே கூடாது.

வண்டியைக் கையில் வாங்கியதும் ஹாரன், ஏசி, பவர் விண்டோ, டேஷ்போர்டில் எரியும் விளக்குகள் எல்லாவற்றையும் உரிமையாளர் எதிரிலேயே பார்த்து எழுதிக்கொள்கிறேன். திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு முறை. வண்டியை அணைத்த பிறகும் பேட்டரியிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரில் பார்ப்பேன். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் சாவி கொடுப்பதில்லை. ஆயுத பூஜை நெருக்கடியிலும் இப்படித்தான். அன்று நாலு வண்டி குறைவாகத்தான் பார்க்க முடியும், பரவாயில்லை.

உங்கள் காரில் ஏற்கெனவே ஆம்ப் இருந்தால் இன்று சாயங்காலம் பானட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் தடித்த வயரைக் கையால் முழம் போட்டுக்கொண்டே போங்கள். ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் தென்படவில்லையென்றால், தெரிந்தவரை வைத்து அந்த வயரைப் பேட்டரியிலிருந்து கழற்றிய பிறகே வண்டியை எடுங்கள். ஃபியூஸ் மாட்டும்வரை பாட்டு இல்லாமல் ஓட்டலாம்.