மீனுக்கு முன்னே பாக்டீரியா

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தொட்டி, லைட், உப்பு, மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வந்துவிடுகிறார்கள். முதல் மூன்றும் சரி. மீனை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள், குறைந்தது ஒரு மாதத்துக்கு. அன்று நீங்கள் தொட்டியில் ஊற்றுவது வெறும் உப்புத் தண்ணீர்தான். மீன் உயிர் வாழத் தேவையான நுண்ணுயிர்கள் அதில் இன்னும் குடியேறவில்லை.

மீன் தின்னும் புரதத்தில் உள்ள நைட்ரஜனில் பெரும்பங்கு, செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். கடலில் அது கரைந்து போய்விடும். நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் எங்கே போகும்? கடல்நீரின் பி.எச். வேறு 8.2 வாக்கில் இருக்கிறது. அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனியால் பெரிய கெடுதல் இல்லை. அயனியாகாத அம்மோனியாதான் செவுளைப் புண்ணாக்கும் விஷம். பி.எச். ஏற ஏற விஷ வடிவத்தின் பங்கு கூடும். பி.எச். 7 உள்ள நன்னீரைவிட இங்கே அது பத்து மடங்குக்கும் மேல். தங்கமீன் வளர்த்த அனுபவத்தை நம்பி இதில் இறங்குபவர்கள் முதல் வாரத்திலேயே மீனைப் பறிகொடுப்பது இதனால்தான்.

இந்த விஷத்தையே உணவாக்கிக்கொள்ளும் பாக்டீரியாக்கள் உண்டு. 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி மண்ணிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டினார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை, கெடுதல் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவற்றுக்கு வேண்டியது ஆக்சிஜனும் ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பும்தான். ஆனால் வளர்ச்சி ரொம்ப மெதுவு. குடலில் வாழும் ஈ.கோலை நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவை இரட்டிப்பாகப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஒரு மாதம் காத்திருக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

மீன் இல்லாமலே இந்தக் கூட்டத்தை வளர்க்கலாம், வளர்க்கவும் வேண்டும். ஒரு மீனை விட்டு அது தாங்குகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் கொடுமை. அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியாவைக் கொண்டுவாருங்கள். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைச் சேர்த்தால் வேலை கொஞ்சம் சீக்கிரம் நடக்கும். அப்புறம் டெஸ்ட் கிட். அம்மோனியா கிட்டின் சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரை எடுத்து, மருந்தை விட்டுக் குலுக்கி, சில நிமிடம் கழித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லையென்றால் மஞ்சள். முதல் சில நாட்கள் பச்சை அசையவே அசையாது. பிறகு ஒரு நாள் லேசாக வெளுக்கும். அந்தச் சமயத்தில் நைட்ரைட் ஏறத் தொடங்கியிருக்கும். கடல்நீரில் குளோரைடு மிகுந்திருப்பதால் நைட்ரைட் செவுளுக்குள் எளிதில் நுழைவதில்லை. ஆகவே நன்னீரில் பயப்படும் அளவுக்கு இங்கே பயம் வேண்டாம். மறுபடி லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார்.

பாக்டீரியா குடியிருப்பது பெரும்பாலும் பாறையில். 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலடிப் பாறைகளை அப்படியே தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழியை மட்டும் விட்டுப் பவளங்களை வளர்த்துக் காட்டினார். துளைகள் நிறைந்த பாறையின் மேற்பரப்பில் ஆக்சிஜனை விரும்பும் கூட்டம் வாழும். ஆக்சிஜன் எட்டாத உள் அறைகளில் வேறொரு கூட்டம் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடும். ஆனால் நம் ஊரில் கடலிலிருந்து பவளப் பாறையை எடுக்கக் கூடாது. பாறைப் பவளங்களுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. உயிருள்ளது, இறந்தது என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் ஏற்கெனவே கடல் சூடாவதால் வெளுத்துத் தவிக்கின்றன. வீட்டு அழகுக்காக அதில் ஒரு துண்டுகூடக் குறையக் கூடாது. துளைகள் நிறைந்த பீங்கான் பாறை போதும். பாக்டீரியாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடற்கரையிலிருந்தே தண்ணீர் கொண்டுவரலாமே என்று பலர் கேட்கிறார்கள். நகரத்துக் கரையில் கழிவு கலக்கும், மழைக்காலத்தில் உப்பு குறையும். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பு கலவையைக் கரைப்பதே மேல். சமையல் உப்பு ஆகாது, அதில் கால்சியமும் மக்னீசியமும் போதாது. சுவைக்காக ஆர்.ஓ. சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் இருந்தால் அதை மூடிவிடுங்கள். கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

கடல்நீரைப் போல லிட்டருக்கு 35 கிராம் என்றால் நூறு லிட்டரில் மூன்றரைக் கிலோ உப்பு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். தினம் இரண்டு லிட்டர் வற்றினால், மூன்றாம் நாள் முடிவில் அதே மூன்றரைக் கிலோ 94 லிட்டரில் இருக்கும், அதாவது 37 கிராமுக்கு மேல். வற்றியதை ஈடுகட்ட உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பலர் உப்புத் தண்ணீரை ஊற்றி நிலைமையை இன்னும் கெடுக்கிறார்கள்.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் ஹீட்டரைத்தான் முதலில் சொல்வார்கள். சென்னையில் செலவு வைப்பது சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி. பின்னால் மென்பவளம் (பாறைப் பவளம் அல்ல) வளர்க்க நினைப்பவருக்கு இது முக்கியம். பவளத்தின் திசுக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியைக் கொண்டு அதற்குப் பெருமளவு உணவு தருகிறது. வெப்பம் நெடுநாள் ஏறி நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 25 முதல் 27 டிகிரி நல்லது. மேற்பரப்பில் ஃபேன் வைத்தால் கொஞ்சம் குளிரும், ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மே மாதத்தில் அது போதாது. சில்லருக்குப் பணம் இல்லையென்றால் பவளத்தைத் தள்ளிப்போடுவதே நியாயம்.

முதல் மீனாகக் கோமாளி மீன் ஜோடி ஒன்று போதும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது. கடலில் பிடித்ததை விட்டுவிட்டுப் பொரிப்பகக் குஞ்சுகளையே கேட்டு வாங்குங்கள். கிடைக்கும் அம்மோனியாவின் அளவுக்குத்தான் பாக்டீரியா பெருகும் என்பதால், அடுத்த மீனுக்கு முன் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். இதற்கிடையில் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புப் படலம் படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, பெரும்பாலும் தானாகவே அடங்கும்.

பி.எச்., உப்பு, பி.எச். தடுமாறாமல் தாங்கும் காரத்தன்மை மூன்றையும் வாரம் ஒரு முறையாவது ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். பகலில் பாசிகள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் மாலையில் பி.எச். கூடியிருக்கும், விடியற்காலையில் குறைந்திருக்கும். ஒரு நாள் காலையிலும் மறுநாள் மாலையிலும் அளந்துவிட்டு வித்தியாசத்தைப் பார்த்து மருந்து ஊற்ற வேண்டாம்.