ஸ்டாண்டர்டு: வகுப்பா, தரமா, இலக்கா?

“பையன் எத்தனாவது ஸ்டாண்டர்டு?” என்று கேட்டால் வகுப்பைச் சொல்கிறோம். “அந்த ஸ்கூல்ல ஸ்டாண்டர்டே இல்லை” என்றால் படிப்பு மோசம் என்று புரிந்துகொள்கிறோம். அரசுப் பள்ளிகளைப் பற்றிய விவாதம் எந்த நாட்டில் கிளம்பினாலும் அதில் வந்து நிற்கும் சொல் இது. வகுப்புக்கும் தரத்துக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?

சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. போர்க்களத்தில் நட்டுவைக்கும் கொடிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். சிதறிய வீரர்கள் அதைப் பார்த்துத் திரும்ப வந்து கூடுவார்கள். 1138இல் வட இங்கிலாந்தில் ஸ்காட்லாந்துப் படையோடு நடந்த ஒரு சண்டைக்கே ‘ஸ்டாண்டர்டு போர்’ என்று பெயர். ஒரு வண்டியில் பாய்மரத்தை நட்டு, அதில் புனிதர்களின் கொடிகளைக் கட்டிக்கொண்டு ஆங்கிலேயர்கள் நின்றார்கள். பிறகு அரசு முத்திரையிட்ட படிக்கும் எடைக்கல்லுக்கும் இந்தச் சொல் வந்தது. சந்தையில் மற்ற அளவுகளை அதோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்க வேண்டும். ஆக, கொடியிலிருந்து அளவுகோல்.

பள்ளிக்குள் இது நுழைந்த கதைதான் சுவையானது. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் கல்விச் செலவைக் கட்டுப்படுத்தப் புதிய விதித்தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஆறு படிகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ‘ஸ்டாண்டர்டு’ என்று பெயர் வைத்தார்கள். முதல் ஸ்டாண்டர்டு என்றால் ஓரசைச் சொற்களால் ஆன சிறு கதையை வாசிக்கத் தெரிய வேண்டும், 20 வரை எண்களை எழுதத் தெரிய வேண்டும். ஆறாவதில் வாசிப்புக்குச் செய்தித்தாள் பத்தி ஒன்று போதும். ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஒவ்வொரு குழந்தையையும் சோதிப்பார். ஒழுங்காகப் பள்ளிக்கு வந்த குழந்தை ஒன்றுக்கு 8 ஷில்லிங் மானியம். தவறிய ஒவ்வொரு பாடத்துக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். மூன்றிலும் தவறினால் எட்டு ஷில்லிங்கும் போச்சு. இந்த முறை மலிவாக இல்லாவிட்டால் திறமையாக இருக்கும், திறமையாக இல்லாவிட்டால் மலிவாக இருக்கும் என்று நாடாளுமன்றத்திலேயே லோ சொன்னார். நிதியமைச்சர் பேச்சுப் போல இருக்கிறதா? பிற்பாடு அவர் நிதியமைச்சராகவும் ஆனார்.

விளைவை ஊகிக்கலாம். ஆய்வாளர் வரும் நாளுக்காக வாசிப்புப் புத்தகத்தையே பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி தடையில்லாமல் ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றிய கதைகள் உண்டு. கவிஞர் மேத்யூ ஆர்னால்டும் பள்ளி ஆய்வாளர்தான். தன் மேலதிகாரிகளின் திட்டத்தைப் பகிரங்கமாகவே எதிர்த்தார். 1890களில் இங்கிலாந்து இந்த முறையைக் கைவிட்டது.

அதற்குள் அது கப்பலேறி நம் பக்கம் வந்துவிட்டது. முடிவைப் பார்த்துப் பணம் தரும் முறை சென்னை மாகாணத்துப் பள்ளிகளிலும் இருந்தது. திண்ணைப் பள்ளி போன்ற நாட்டுப் பள்ளிகளுக்கு அதையே, இந்தியக் கல்வியை ஆராய 1882இல் அமைந்த ஹண்டர் குழு பரிந்துரைத்தது. முறை பின்னர் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அப்படித்தான் தேர்ச்சிப் படி வகுப்பின் பெயரானது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தரம்’ என்றால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தரத்துக்கு ஏற்கெனவே வேலை அதிகம். சோழர் காலத்தில் விளைச்சலைப் பார்த்து நிலத்தைத் தரம் பிரித்தார்கள். தரத்தில் சேராத நிலம் ‘தரமிலி’. வருவாய்த் துறைப் பதிவேடுகளில் அந்தப் பொருள் இன்னும் வாழ்கிறது. ‘இரண்டு தரம் சொல்லிவிட்டேன்’ என்பது வேறு தரம். இலங்கையில் ஐந்தாம் வகுப்பு ‘தரம் 5’. அதற்கு மேல் ‘சாதாரண தரம்’, ‘உயர் தரம்’ என்று தேர்வுகளின் பெயரிலும் அதுவே. அதாவது நம் சொல்லும் படிநிலை, வகுப்பு, தன்மை எல்லாவற்றையும் சுமக்கிறது. ஆங்கிலச் சொல்லின் குழப்பத்தை அப்படியே ஏற்றிக்கொள்ள அது தயாராக இருக்கிறது!

குழப்பம் எங்கே உதைக்கிறது என்றால், சீர்திருத்த விவாதத்தில். அமெரிக்காவில் வகுப்புக்கு ‘கிரேடு’ என்று தனிச்சொல் உண்டு. அங்கே ஸ்டாண்டர்டு என்றால், ஒரு வகுப்பின் முடிவில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல். 2010இல் வந்த ‘காமன் கோர்’ அப்படிப்பட்ட பட்டியல்தான். பட்டியல் வேறு, அதைச் சோதிக்கும் தேர்வு வேறு, தேர்ச்சிக்கு வைக்கும் வெட்டுப்புள்ளி வேறு. 2002இல் நடைமுறைக்கு வந்த ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ சட்டம் 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேற வேண்டும் என்றது. தொடர்ந்து இலக்கைத் தவறவிட்ட பள்ளிகளில் தலைமையாசிரியரை மாற்றுவது வரை போனார்கள். வெட்டுப்புள்ளியை வைக்கும் உரிமையோ மாநிலங்களிடம் இருந்தது. சில மாநிலங்கள் அதைத் தாழ்த்திக்கொண்டன. வெட்டுப்புள்ளி தாழ்ந்தால் தேறுபவர்கள் எண்ணிக்கை தானாகக் கூடும். இதைத் தமிழில் ‘தரம் உயர்ந்தது’ என்று எழுதினால் எது உயர்ந்தது? பட்டியலா, மதிப்பெண்ணா, படிப்பா?

இங்கிலாந்தில் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் ஒரு பள்ளி முழுவதற்கும் ஒற்றைச் சொல்லில் முத்திரை குத்திவந்தது. தலைமையாசிரியை ஒருவரின் மரணத்துக்கு அந்த ஆய்வும் ஒரு காரணம் என்று 2023இல் மரண விசாரணை முடிவு வந்தது. அரசுப் பள்ளிகளுக்கு அந்த முத்திரையை 2024 செப்டம்பரில் நிறுத்தினார்கள். லோவின் ஷில்லிங் கணக்கு எந்த உருவத்தில் வந்தாலும் பள்ளித் தலைமையின் தலையில்தான் முதலில் விழுகிறது.

என் பரிந்துரை இது. வகுப்பைக் குறித்தால் வகுப்பு, இலங்கைக்கு எழுதினால் தரம். எட்ட வேண்டிய இலக்கைக் குறித்தால் ‘தரநிலை’ அல்லது ‘கற்றல் இலக்கு’. ‘செந்தரம்’ என்ற ஆக்கமும் இருக்கிறது. ஆணி, குழாய் போன்ற பொருள்களுக்கு அது பொருந்தும், பிள்ளைகளுக்கு எனக்கு ஒட்டவில்லை. தேர்ச்சிக்கான வெட்டுப்புள்ளிக்குத் ‘தேர்ச்சி வரம்பு’. வெறும் ‘தரம்’ என்பதைப் பள்ளியின் மொத்தத் தன்மைக்கு, அதாவது கற்பித்தல், கழிப்பறை, நூலகம், ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்ததற்கு, விட்டுவைக்கலாம். அப்புறம் ‘தரப்படுத்திய தேர்வு’ என்று எழுதும்போது கொஞ்சம் கவனம்: எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தித் திருத்தும் தேர்வு என்பதே அதன் பொருள், தரமான தேர்வு என்பதல்ல. ‘பொது அளவுத் தேர்வு’ என்றால் யாரும் தடுக்கி விழமாட்டார்கள்.